மக்காச்சோள ஹெட்டர்: ஆறு பருவம் ஓட்டிய அனுபவம்

பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் வாடகைக்கு மக்காச்சோளம் அறுத்துக் கொடுக்கத் தொடங்கி ஆறு பருவம் முடிந்திருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் முன்னால் மாட்டி, பயிரை வாங்கி உள்ளே தரும் பகுதிதான் ஹெட்டர். முதல் இரண்டு பருவம் நெல் அறுக்கும் ஹெட்டரையே மாட்டி ஓட்டினேன். அதன் பிறகு நான்கு வரிசை மக்காச்சோள ஹெட்டர்.

நெல் ஹெட்டரில் ஒரு நிம்மதி உண்டு. விதைத்த வரிசை நேரா, கோணலா, இடைவெளி எவ்வளவு என்று அது பார்க்காது. ஆனால் கதிரோடு தட்டையையும் சேர்த்து விழுங்கும். உள்ளே மணியை உதிர்க்கும் டிரம் திணறும், டீசல் கரையும், சல்லடையில் தட்டைத் துண்டு அடைத்துக்கொள்ளும். பயிரை உள்ளே சாய்க்கச் சுழலும் ரீல் தட்டிவிட்ட கதிர் ஹெட்டருக்கு வெளியே விழுந்தால் போனதுதான். சாக்கோடு பின்னால் வந்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு வருடமும் நல்ல அறுவடை.

மக்காச்சோள ஹெட்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் இரண்டு ரோலர் சுழன்று தட்டையைக் கீழே இழுக்கும். மேலே இருக்கும் இரண்டு பிளேட்டின் நடுவே தட்டை இறங்கிவிடும். கதிர் இறங்க முடியாமல் ஒடிந்து மேலே தங்கும். செயின் அதை உள்ளே தள்ளும். தட்டை பெரும்பாலும் வயலிலேயே நின்றுவிடுவதால் டிரம்முக்கு வேலை குறைவு.

இதில் என்னைப் படுத்தியது பிளேட் இடைவெளி. வாங்கியபோது வைத்திருந்த அளவிலேயே முதல் பருவம் முழுக்க ஓட்டினேன், என் சோம்பல்தான். மழை பொய்த்த ஒரு காட்டில் கதிரெல்லாம் மெலிந்து இருந்தது. ஹெட்டர் போன தடத்தில் மஞ்சள் மஞ்சளாக மணி. குனிந்து ஒரு கதிரை எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கத்து மணிகளை எலி கரும்பியதுபோல் ரோலர் உதிர்த்திருக்கிறது.

இப்போது காட்டில் இறங்கியதும் பத்துக் கதிரும் பத்துத் தட்டையும் ஒடித்துப் பார்த்துவிடுகிறேன். தட்டை தாராளமாக இறங்க வேண்டும், கதிரின் அடி இறங்கக் கூடாது. என் ஹெட்டரில் சாதாரணக் கதிருக்கு முன்னால் 30 மி.மீ., பின்னால் 33 மி.மீ. பின்பக்கம் அந்த 3 மி.மீ. கூடுதலாக இல்லையென்றால் தோகை சிக்கிக்கொள்ளும். படைப்புழு அடித்துக் கதிர் சிறுத்த காடுகளில் இன்னும் நெருக்கி வைப்பேன்.

சேதம் எங்கே ஆகிறது என்று தெரியாமல் எதையும் திருகக் கூடாது. ஓடும்போதே வண்டியை நிறுத்தி, பத்தடி பின்னால் எடுப்பேன். ஹெட்டர் போய், வண்டி இன்னும் போகாத அந்த இடத்தில் கிடக்கும் மணி ஹெட்டரின் கணக்கு. சதுர மீட்டருக்கு 20 மணி கிடந்தால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ போகிறது என்று பொருள். அங்கே சுத்தமாக இருந்து வண்டிக்குப் பின்னால் மணி கிடந்தால், டிரம்மையும் சல்லடையையும்தான் பார்க்க வேண்டும்.

வேகமும் ஒரு விஷயம். செயினை மிஞ்சி வண்டி ஓடினால் தட்டை முன்னால் சாய்ந்து கதிர் துள்ளி விழும். பிளேட்டின் நடுப்பகுதியில் கதிர் ஒடிகிற வேகமே சரி.

குறை என்றால், 45 செ.மீ. வரிசையில் இந்த ஹெட்டர் திண்டாடுகிறது. 60 செ.மீ. விட்டிருந்தாலும், ஐந்து வரிசை விதைப்புக் கருவியில் விதைத்த காட்டில் நான்கு வரிசை ஹெட்டர் ஓட்டுவது தலைவலி. கருவி திரும்பி வந்த இடத்தில் இடைவெளி கூடிக் குறைந்திருக்கும். ஒரு வரிசை எப்படியும் மிதிபடும். கருவி எத்தனை வரிசை என்று கேட்காமல் இப்போது வேலை ஒப்புக்கொள்வதில்லை.

அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ரோலர் இழுக்கும் வேகத்தில், பிடித்த தட்டையை விடக்கூட நேரம் இருக்காது.

நெல் ஹெட்டருக்கு இனித் திரும்ப மாட்டேன். ஆனால் போல்ட்டைத் தளர்த்திப் பிளேட்டை நகர்த்த எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்த நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஹைட்ராலிக்கில் பிளேட்டை நகர்த்தும் ஹெட்டர்கள் வந்து வெகுநாளாகிறது. அடுத்து வாங்கினால் அந்த வசதி உள்ளதைத்தான் வாங்குவேன். அதுவரை 19ஆம் நம்பர் ஸ்பேனர் இருக்கைக்கு அடியிலேயே கிடக்கும்.