23 நிமிட டிரே: புக்கோவ்ஸ்கியின் ‘போஸ்ட் ஆபீஸ்’

அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் புக்கோவ்ஸ்கியின் இந்த நாவலைப் படித்தவர்கள் பேசுவதைக் கேட்டால், எல்லோரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்று சந்தேகம் வரும். ஒரு சாராருக்கு இது குடிகாரனின் விடுதலைப் பிரகடனம். மற்றவர்களுக்கு உருப்படாத ஒருவனின் புலம்பல். இரண்டு பேருமே பாட்டிலைத்தான் பார்க்கிறார்கள். புத்தகத்தின் உயிர் டிரேயில் இருக்கிறது.

டிரே என்றால் கடிதங்கள் அடுக்கிய இரண்டு அடி நீளத் தட்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் தபால் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஹென்றி சினாஸ்கி, ஸ்டூலில் உட்கார்ந்து அதிலுள்ள கடிதங்களை ஒவ்வொன்றாக அலமாரியின் சிற்றறைகளில் செருக வேண்டும். ஒரு டிரேக்கு 23 நிமிடம். அவனுக்கு 28 ஆகிவிடுகிறது. கூப்பிட்டு ‘கவுன்சலிங்’ கொடுக்கிறார்கள். அந்த அலுவலகத்தில் வசவுக்கு அதுதான் மரியாதையான பெயர். தட்டின் நீளம் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் தடித்த உறைகள் கொஞ்சம் இருக்கும், இன்னொன்றில் மெல்லிய கடிதங்கள் மூன்று நான்கு மடங்கு இருக்கும், இரண்டுக்கும் ஒரே நேரம் எப்படிச் சரியாகும் என்று கேட்கிறான். கேள்வியில் ஓட்டையே இல்லை. பதிலும் இல்லை. 28 என்பது 28தான். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் கடையில் நின்றபடி இந்த இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். இது பிடித்தால் புத்தகம் பிடிக்கும்.

1971இல் பிளாக் ஸ்பேரோ பிரஸ் வெளியிட்டது. புக்கோவ்ஸ்கியின் முதல் நாவல். வேலையை விட்டுவிட்டு எழுதினால் மாதம் 100 டாலர் தருகிறேன் என்று பதிப்பாளர் ஜான் மார்ட்டின் சொன்ன பிறகு, 49 வயதில் தபால் வேலையை உதறிவிட்டுச் சில வாரங்களில் எழுதி முடித்தார். 1950களின் தொடக்கத்தில் தபால்காரர், 1958இலிருந்து 1969 வரை பிரிப்புக் குமாஸ்தா என்று அவர் வாழ்ந்ததுதான் கதையின் எலும்புக்கூடு. அதற்காக இதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்ப்பது வீண் வேலை.

‘கதையே இல்லையே’ என்பது அடிக்கடி வரும் முதல் குறை. பாதி உண்மை. ஆறு பாகங்கள், உள்ளே குட்டிக் குட்டி அத்தியாயங்கள். பலவற்றின் அமைப்பு ஒன்றேதான்: சினாஸ்கி உள்ளே வருகிறான், ஒருவர் ஏதோ சொல்கிறார், இவன் திருப்பிச் சொல்கிறான், அடி விழுவது இவனுக்கு, அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ஐம்பது பக்கம் போனதும் அலுக்கும். பிரிப்பு வேலையின் அலுப்பை வாசகருக்கும் கொஞ்சம் ஊட்டுவது திட்டமிட்டதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் குதிரைப் பந்தயப் பக்கங்களின் தொய்வுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே எழுத்தாளருக்கு இருக்கும் ஆர்வம் நமக்குத் தொற்றவில்லை.

‘சோம்பேறி’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்கள் மணிக்கணக்கைக் கவனிக்கவில்லை. பதிலி ஆளாக இருக்கும்போது விடியற்காலை 5 மணிக்கே போய்க் காத்திருக்க வேண்டும். நிரந்தர ஆட்கள் யாராவது லீவு போட்டால்தான் வேலை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. சூப்பர்வைசருக்குப் பிடிக்காதவனுக்கு நீளமான, மோசமான பீட், அதாவது கடிதம் கொடுக்கும் தெரு வரிசை. ஜான்ஸ்டோன் என்ற அந்தச் சூப்பர்வைசர்மேல் 30 பக்கம் டைப் அடித்துப் புகார் கொடுக்கிறான். அவர் தங்கமான மனிதர் என்று மேலிடம் இவனையே அதட்டி அனுப்புகிறது. பிறகு குமாஸ்தாவாகத் திரும்பி வந்தால் 12 மணி நேர இரவுகள். அதோடு தெருப் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வு: 8 நிமிடத்தில் 100 அட்டை, 95 சதவீதம் சரியாக விழ வேண்டும். படிப்பது சொந்த நேரத்தில். குடித்த தலைவலியோடும் போகிறான், தாமதமாகவும் போகிறான், ஆனால் போகிறான், வருடக்கணக்காக. ‘சிஸ்டத்தை எதிர்த்த கலகக்காரன்’ என்று டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளும் ரசிகர்களுக்கு இடிக்க வேண்டியதும் இதே இடம்தான். கிடங்கிலும் கால் சென்டரிலும் திரையில் வினாடி ஓடுவதைப் பார்த்தபடி வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘இப்படி யார் வேண்டுமானாலும் எழுதலாம்’ என்கிறார்களே, அவர்களுக்கு ஜி.ஜி. வரும் அத்தியாயம். இளம் வயதில் தபால் பையைத் தூக்கியவர், இப்போது அறுபதின் கடைசியில் இருக்கிறார். தன் பீட்டில் உள்ள குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கம். ஒரு தாய் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு கத்தித் தீர்க்கிறாள். பிறகு ஒரு நாள் கடிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தவர் கை ஓடாமல் தலையைக் கவிழ்த்து அழுகிறார். சினாஸ்கி போய்ச் சூப்பர்வைசரிடம் சொல்கிறான். அவர் அசைந்து கொடுப்பதில்லை. அதன் பிறகு ஜி.ஜி.யைக் காணோம், அவர் இடத்தில் வேறு ஆள். அவ்வளவுதான். ‘என் மனம் கனத்தது’ இல்லை, ‘போல’ இல்லை, பெயரடைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். யார் எங்கே நின்றார், என்ன செய்தார், மணி என்ன என்பதோடு சரி. புக்கோவ்ஸ்கியைப் பார்த்து எழுத வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். குடியையும் கெட்ட வார்த்தையையும் எடுத்துக்கொள்கிறார்கள், மணியையும் எண்ணிக்கையையும் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் ஒரு தத்துவ வரியை வேறு ஒட்டி வைப்பார்கள்.

பெண்கள் விஷயத்தில் வரும் கோபம் நியாயமானது. பதிவுத் தபால் கொடுக்கப் போன வீட்டில் ஒரு பெண்ணை அவன் பலவந்தப்படுத்தும் காட்சி இருக்கிறது. அது வேடிக்கை மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. தெரியாமல் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ‘உள்ளதை உள்ளபடி எழுதினார்’ என்ற வாதம் அங்கே நிற்காது. கருத்தே சொல்லாத அதே நடை ஜி.ஜி.க்கு நீதி செய்கிறது, ஏனென்றால் அவருடைய வலி நம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் பெண்ணுக்கு அவன் பார்வையைத் தவிர வேறொன்றும் கொடுக்கப்படவில்லை. புக்கோவ்ஸ்கி பார்க்கத் தெரியாதவரும் அல்ல: பழைய தோழி பெட்டி குடியில் அழிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் பக்கங்களில் ஒரு பெண்ணை முழுதாகப் பார்த்திருக்கிறார். முடிந்தவர் செய்யவில்லை என்பதால்தான் கோபம் வருகிறது.

தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு தலைவலி காத்திருக்கிறது. கெட்ட வார்த்தையை எப்படியாவது சமாளித்துவிடலாம். வினைமுற்றை என்ன செய்வது? எழுந்தேன், குடித்தேன், போனேன், செருகினேன் என்று வரிசையாக விழுந்தால் ஆங்கிலத்தில் இல்லாத இயைபுத் தாளம் ஒன்று தானாகவே ஏறி, பாட்டுப் பாடுவது போலாகிவிடும். எழுந்து, குடித்துவிட்டுப் போய் என்று எச்சங்களால் கோத்தால் தாளம் போகும், கூடவே வெட்டும் போகும். அங்கங்கே வினையையே விட்டுவிடுவதுதான் ஓரளவுக்கு வழி: ‘காலை ஐந்து. மழை. பை நிறையக் கடிதம்.’ உரையாடலில் ‘என்றான்’ ஒவ்வொரு வரிக்கும் வேண்டாம், யார் பேசுகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

முகப்பில் 1970 ஜனவரி 1 தேதியிட்ட நன்னடத்தை மெமோ ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படித்துவிட்டுப் போங்கள். முடிவை நெருங்கும்போது வரும் எச்சரிக்கைக் கடிதங்களும் அதே வழவழ அலுவலக மொழியில்தான் பேசும். முதல் பக்கத்தின் குரல் காதில் இருந்தால்தான் அங்கே சிரிப்பு வரும்.

இதை முடித்த கையோடு 1975இல் வந்த ‘ஃபேக்டோட்டம்’ வேண்டாம். அதே சினாஸ்கி, இன்னும் இளைய வயது, இன்னும் நிறைய வேலைகள். அடுத்தடுத்துப் படித்தால் எந்த முதலாளி எந்தப் புத்தகம் என்று குழம்பிவிடும். இந்த ஆள் ஏன் இப்படி ஆனான் என்று கேள்வி இருந்தால், சிறுவயதைச் சொல்லும் 1982இன் ‘ஹாம் ஆன் ரை’.