24 அங்குலமா, 27 அங்குலமா: சிக்கன விலை அகலத்திரை மானிட்டர்கள், ஓர் ஒப்பீடு

சிக்கன விலையில் அகலத்திரை எல்சிடி மானிட்டர் தேடுகிறவர் எந்தப் பட்டியலைத் திறந்தாலும், கடைசியில் அவர் முன் வந்து நிற்பவை நான்கு வகைகள்தான். 21.5 அங்குலம், 23.8 அங்குலம், 27 அங்குலம் என்ற மூன்று அளவுகளில் 1920×1080 பிக்சல் கொண்ட ஃபுல் எச்டி திரைகள் ஒரு பக்கம். கையைச் சற்று நீட்டினால் எட்டக்கூடிய, 27 அங்குலத்தில் 2560×1440 பிக்சல் கொண்ட கியூஎச்டி திரை இன்னொரு பக்கம். இவற்றிலிருந்து ஒதுங்கி, பலரும் எட்டிப் பார்க்காத 1920×1200 திரை ஒன்றும், ரயில் பெட்டி போல நீண்ட 21:9 திரை ஒன்றும் உண்டு. பகலில் எழுத்து, அட்டவணை, இணையப் பக்கம் என்று ஏழெட்டு மணி நேரம் திரை முன் அமர்ந்துவிட்டு, இரவில் ஒரு திரைப்படம் பார்க்கும் ஒருவரை மனத்தில் வைத்தே இவற்றை எடைபோடுகிறேன். போட்டி விளையாட்டுக்காகவோ, அச்சுக்குப் போகும் படங்களின் வண்ணத்தைத் திருத்துவதற்காகவோ வாங்குகிறவரின் கணக்கு வேறு.

முதலில் அங்குலக் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்த நீளம். ஆகவே திரையின் வடிவம் அகலமாக ஆக, அதே அங்குலத்துக்குள் உயரம் குறைந்துகொண்டே போகும். 1280×1024 பிக்சலோடு 5:4 விகிதத்தில் ஒரு காலத்தில் அலுவலக மேசைகளை நிறைத்திருந்த 19 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். இன்றைய 23.8 அங்குல 16:9 திரையின் உயரம் 29.6 சென்டிமீட்டர். பழையதைக் கொடுத்துவிட்டு ஐந்து அங்குலம் பெரியதை வாங்கிவிட்டதாக மகிழ்கிறவருக்கு உயரத்தில் நூலளவுகூடக் கூடவில்லை. கிடைத்ததெல்லாம் பக்கவாட்டு இடம். 21.5 அங்குலத் திரைக்கு மாறினாலோ உயரம் 26.8 சென்டிமீட்டராகச் சுருங்கி, கைவசம் இருந்த மூன்று சென்டிமீட்டரும் போய்விடும். மேசை மிகக் குறுகலாக இருந்தாலோ, இரண்டாவது திரையாக ஓரத்தில் வைப்பதற்கோ அது போதும். ஒரே திரையாக வைத்து நாள் முழுவதும் வேலை செய்ய நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான போட்டி 23.8 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் இடையேதான் இருக்கிறது. இரண்டும் ஃபுல் எச்டி என்றால், இரண்டிலும் இருப்பது அதே 20 லட்சத்துச் சொச்சம் பிக்சல்களே. பெரிய திரையில் கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. அதே வரிகள் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். 23.8 அங்குலத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறக்குறைய 93 பிக்சல்கள் அமைகின்றன. 27 அங்குலத்தில் அது 82 ஆக இறங்குகிறது. எண்ணாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடு, கையெட்டும் தூரத்தில் அமர்ந்து படிக்கும்போது நன்றாகவே தெரியும். ஆங்கில எழுத்தை விடத் தமிழ் எழுத்து இதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். சுழிகள் நிறைந்த ‘ணை’, ‘ஞூ’ போன்ற வடிவங்களையும் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியையும் சிறிய எழுத்தளவில் பாருங்கள். பிக்சல் அடர்த்தி குறைந்த திரையில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுழியின் உள்வெளி அடைந்துபோகும். பெரிது என்ற ஒரே காரணத்துக்காக நான் ஒருமுறை 27 அங்குல ஃபுல் எச்டி திரையை வாங்கி, மூன்று வாரம் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, அதைத் திரைப்படம் பார்ப்பதற்கென்று வேறு அறைக்கு மாற்றினேன். அங்கே, எட்டு அடி தொலைவில், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆக, 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி யாருக்குப் பொருந்தும் என்றால், திரையிலிருந்து தள்ளி அமர்கிறவர்களுக்கும், பார்வைக் குறைவால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கும்தான். மற்றவர்கள் அந்த அளவை விரும்பினால் கியூஎச்டி வரை போவதே நியாயம். அதில் பிக்சல் எண்ணிக்கை 36 லட்சத்து 86 ஆயிரத்து 400. ஃபுல் எச்டியை விட 78 சதவீதம் அதிகம். அங்குலத்துக்கு 109 பிக்சல்கள் என்பதால் எழுத்து கூர்மையாக இருக்கும். இரண்டு ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க உண்மையான இடமும் கிடைக்கும். ஆனால் எழுத்து சற்றுச் சிறியதாகத் தெரியும். அதற்காகத் திரையின் பிரிதிறனை 1920×1080 ஆகக் குறைப்பது பெருந்தவறு. எல்சிடி திரையில் பிக்சல்கள் நிலையான கட்டங்கள். 1440 வரிசைகளில் 1080 வரிசைகளை நிரப்பும்போது ஒன்றுக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்பது போன்ற முழுமையற்ற பங்கீடு ஏற்பட்டு எழுத்தின் விளிம்பு மங்கிவிடும். பிரிதிறனைத் தொடாமல், இயங்குதளத்தின் அமைப்பில் எழுத்தளவை 125 சதவீதமாக்குவதே முறை.

இந்த இடத்தில் 1920×1200 திரைக்காக வாதாட விரும்புகிறேன். 16:10 விகிதம் கொண்ட 24 அங்குலத் திரையின் உயரம் 32.3 சென்டிமீட்டர், அகலம், 23.8 அங்குலத் திரையை விட ஒரு சென்டிமீட்டர் குறைவு. பிக்சல் அடர்த்தி ஏறக்குறைய சமம். கூடுதலாகக் கிடைக்கும் 120 பிக்சல் வரிசைகளில், ஒரு வரிக்கு 20 பிக்சல் என்று வைத்தால் ஆறு வரிகள் அடங்கும். ஆறு வரி என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். ஆனால் உலாவியின் தலைப்பட்டை, கீழே பணிப்பட்டை, சொற்செயலியின் கருவிப்பட்டை ஆகியவை திரையின் உயரத்திலிருந்துதான் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சிய இடத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆறு வரிகளின் மதிப்பு விளங்கும். திரைப்படத்தின்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை சற்றுத் தடிக்கும் என்பதே இதன் குறை. இவ்வகைத் திரைகள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலும் அலுவலகப் பயன்பாட்டு வரிசைகளில் வருபவை என்பதால் அதே அளவு 16:9 திரையை விட விலையும் கூடுதல். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய திரைகளில் நல்ல நிலையிலுள்ள ஒன்று கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிர் 21:9. 29 அங்குலத்தில் 2560×1080 பிக்சல் கொண்ட திரையின் உயரம் 28.6 சென்டிமீட்டர்தான், 23.8 அங்குலத் திரையை விடக் குட்டை. மூன்று நெடுவரிசைகளை அருகருகே விரிப்பவருக்கும், காணொளித் தொகுப்பில் காலக்கோட்டை நீட்டி வைப்பவருக்கும் உதவும். நீளமான ஆவணங்களைப் படிப்பவருக்கு உதவாது.

அளவை முடிவு செய்த பின் வருவது, படத்தைக் காட்டும் உள் தகடான பேனலின் வகை. பளபளப்பான பெட்டிகளுக்குள் இருப்பவை டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ. என்ற மூன்றில் ஒன்றே. ‘எல்இடி மானிட்டர்’ என்று எழுதியிருப்பதும் எல்சிடிதான், பின்னொளிக்கு முன்பிருந்த குழல்விளக்குக்குப் பதிலாக எல்இடி வந்திருக்கிறது என்பதே பொருள். டி.என். பேனலில் திரவப் படிகங்கள் முறுக்கவிழ்ந்து நிமிர்வதால், மேலிருந்து பார்த்தால் வெளிறியும் கீழிருந்து பார்த்தால் இருண்டும் தெரியும். தலையை அசைக்காமல் அமர்ந்திருந்தாலும், பெரிய திரையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணுக்கு வெவ்வேறு கோணத்தில் இருப்பதால் ஒரே நிறம் இரு நிறமாகத் தோன்றும். ஒருகாலத்தில் மலிவு என்பதற்காகப் பொறுத்துக்கொண்டோம். மற்ற இரு வகைகளும் ஏறத்தாழ அதே விலைக்கு இறங்கிவிட்ட பிறகு, பொது வேலைக்கு டி.என். வாங்கக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஐ.பி.எஸ். பேனலை 1990களின் நடுவில் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் படிகங்கள் திரையின் தளத்துக்கு இணையாகவே திரும்புவதால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. இதன் பலவீனம் கறுப்பு. இதன் காண்ட்ராஸ்ட், அதாவது வெண்மைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், பொதுவாக 1000:1 அளவில் நிற்பதால், விளக்கணைத்த அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். மூலைகளில் ஒருவித ஒளிக்கசிவும் தென்படும். வி.ஏ. பேனலில் அந்த விகிதம் 3000:1 வரை சாதாரணமாகப் போகும். இரவுக் காட்சிகள் நிறைந்த திரைப்படத்தை அதில் பார்த்தவர் ஐ.பி.எஸ். பக்கம் திரும்பத் தயங்குவார். ஆனால் இருண்ட நிறங்களுக்கிடையே வி.ஏ. மெதுவாகவே மாறுகிறது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து வைத்துப் படிப்பவர் பக்கத்தை வேகமாக உருட்டினால், எழுத்தின் பின்னால் மை இழுவியது போன்ற தடம் தெரியும். எழுதவும் படிக்கவும் முதலிடம் என்றால் ஐ.பி.எஸ்.; இருட்டறையில் படம் பார்ப்பதே முதன்மை என்றால் வி.ஏ. இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு நான் ஐ.பி.எஸ்ஸையே சொல்வேன், ஏனெனில் சாம்பல் நிறக் கறுப்பை ஒரு சிறு மேசை விளக்கை ஏற்றிச் சமாளித்துவிடலாம். எழுத்தின் இழுவலுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களில் பாதியைப் படிக்காமல் விடலாம். கோடிக்கு ஒன்று என்று பெருமையடிக்கும் ‘டைனமிக் காண்ட்ராஸ்ட்’, பின்னொளியை ஒரு நேரம் முழுதாக ஏற்றியும் இன்னொரு நேரம் ஏறக்குறைய அணைத்தும் அளந்த விகிதம்; ஒரே காட்சியில் அது கிடைக்காது. பார்வைக் கோணம் 178 பாகை என்பது காண்ட்ராஸ்ட் வழக்கமாக 10:1 ஆகச் சரியும் வரையுள்ள கோணம் என்பதால், நிறம் நன்றாக இருக்கும் கோணம் என்று அதற்குப் பொருளில்லை. ‘1 மில்லிவினாடி’ என்பதன் பக்கத்தில் எம்பிஆர்டி என்ற எழுத்துகள் இருந்தால், பின்னொளியைத் துடிக்கவிட்டு எட்டிய வேகம் அது. அந்த வசதியை இயக்கினால் திரையின் வெளிச்சம் குறையும். மிக ஒளிர்ந்த, மிக இருண்ட பகுதிகளை ஒரே காட்சியில் தெளிவாகக் காட்டும் எச்டிஆர் வசதிக்கான முத்திரையும் அப்படியே. திரைத் தரநிலைகளை வகுக்கும் வீசா (VESA) அமைப்பின் டிஸ்ப்ளேஎச்டிஆர் வரிசையில் கீழ்ப்படியான 400 என்பதற்கே 400 நிட் உச்ச வெளிச்சம் வேண்டும். 250 நிட் தரும் சிக்கனத் திரையில் எச்டிஆர் என்று எழுதியிருந்தால், எச்டிஆர் சமிக்ஞையைப் பெற்றுக்கொள்ளும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

படிக்க வேண்டியவை வேறு. நிற வரம்பு ஒன்று. எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி என்பவை திரை காட்டக்கூடிய நிறங்களை அளக்கும் இரு அளவுகோல்கள்: 99 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று ஒரு நிறுவனமும், 72 சதவீத என்டிஎஸ்சி என்று இன்னொன்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, 45 சதவீத என்டிஎஸ்சி என்றால் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். புதுப்பிப்பு வீதம், அதாவது ஒரு வினாடியில் திரை எத்தனை முறை மாற்றி வரையப்படுகிறது என்பது, மற்றொன்று. 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லிவினாடி நிற்கிறது, 100 ஹெர்ட்ஸில் 10 மில்லிவினாடி. விளையாடாதவருக்கும் பக்கத்தை உருட்டும்போது இது கண்ணுக்கு இதம். ஒரே தரமுள்ள இரு திரைகளில் ஒன்று 100 ஹெர்ட்ஸ் என்றால் அதை எடுக்கலாம், ஆனால் அதற்காகப் பேனலின் வகையில் சமரசம் செய்யக் கூடாது.

சிக்கனத் திரைகளில் உற்பத்தியாளர் காசை மிச்சம் பிடிக்கும் முதல் இடம் ஸ்டாண்ட்; வாங்குகிறவர் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். பெரும்பாலான மலிவுத் திரைகள் முன்னும் பின்னும் சாயும், உயரம் மாறாது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பதால், உயரமானவர்கள் அடியில் புத்தகம் அடுக்க நேரிடும். பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் பின்னாளில் தனிக் கை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அந்தத் துளைகளும் இல்லாத திரையை, மற்றதெல்லாம் சிறப்பாக இருந்தாலும், நான் ஒதுக்கிவிடுவேன். உயரம் மாறும் ஸ்டாண்ட் உள்ள 23.8 அங்குலமும், மாறாத 27 அங்குலமும் ஒரே விலையில் நின்றால், கழுத்து வலி தெரிந்தவர் சிறியதையே எடுப்பார்.

இணைப்புகளில் குழப்பம் குறைவு. பழைய விஜிஏ இணைப்பில் போவது அலைவடிவ (அனலாக்) சமிக்ஞை என்பதால் 1920×1080 அளவில் எழுத்து லேசாகக் குழையும்; 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டிக்கு எந்த எச்டிஎம்ஐ துளையும் போதும். கியூஎச்டி வாங்குகிறவர் மட்டும் தம் கணினியின் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய டிஜிட்டல் இணைப்பான டிவிஐயின் ஒற்றை இணைப்பு வகை 60 ஹெர்ட்ஸில் 1920×1200க்கு மேல் போகாது. மிகப் பழைய மடிக்கணினிகளின் எச்டிஎம்ஐ துளைகள் பலவும் அந்த எல்லையிலேயே நின்றுவிடும்.

பின்னொளியின் துடிப்பைப் பற்றி விவரக்குறிப்பில் பெரும்பாலும் ஒரு சொல்லும் இராது. வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில திரைகள் மின்னோட்டத்தைக் குறைக்காமல், விளக்கை வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. சிலருக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் வருவதற்கு அது காரணமாகலாம். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நிழல் ஒரே மங்கலாகப் பரவினால் துடிப்பு இல்லை, தனித்தனிப் பென்சில்களாக உடைந்து தெரிந்தால் துடிக்கிறது.

ஒரே மாடல் எண்ணுக்குள் வெவ்வேறு பேனல்கள் வருவதும் உண்டு என்பதால், நண்பரின் மேசையில் பார்த்த திரையே உங்கள் பெட்டிக்குள்ளும் இருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. பெட்டியைப் பிரித்த அன்றே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்களைத் திரை முழுவதும் நிரப்பிப் பாருங்கள். இறந்த பிக்சல் எத்தனை இருந்தால் குறையாகக் கருதுவது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற தரநிலை வகுப்புகளைப் பிரித்திருக்கிறது. உயர்ந்த வகுப்பில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதற்கடுத்த வகுப்புகளிலோ சில பிக்சல்கள் போனாலும் திரை ‘நல்லது’ என்றே கணக்கு. உற்பத்தியாளரின் உத்தரவாதத் தாளில் எந்த வகுப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மோகோலையும் அந்த நாள் கழியும் வரை எறிய வேண்டாம்.