ஜீன் டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் கவனம்: 32,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மதுரையில் கீமோ, ஆபரேஷன் சென்னையில். ஒரு பக்கம் மட்டும் எடுப்பதா, இரண்டையுமா என்று முடிவு செய்ய பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் (பரம்பரையாகப் புற்றுநோய் வரவைக்கும் ஜீன் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) பார்த்துவிடச் சொன்னார் சென்னை சர்ஜன்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஓர் ஆன்லைன் கம்பெனியைப் பிடித்தேன். வேறு இடத்தில் குறைவாகத்தான் கேட்டார்கள். ஆனால் போனில் பேசிய பெண், "அக்கா, நீங்க மதுரைக்கும் சென்னைக்கும் அலையவே வேணாம். ரிப்போர்ட் வந்ததும் அத விளக்கிச் சொல்ற எங்க ஜெனடிக் கவுன்சிலரே ரெண்டு டாக்டர்கிட்டயும் பேசிடுவாங்க. நீங்க அம்மாவ மட்டும் பாத்துக்கங்க" என்றாள். இப்படிச் சொல்ல ஒருத்தி இருக்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. அப்போதே 32,000 அனுப்பினேன்.

கீமோ ஏறி ஏறி அம்மாவுக்கு நரம்பே கிடைப்பதில்லை. மூன்று இடத்தில் குத்தி, கடைசியில் புறங்கையில்தான் ரத்தம் வந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை.

நான்கு வாரம் கழித்து என் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. அவ்வளவுதான். சென்னைக்குப் போய் உட்கார்ந்தால், "எனக்கு எதுவும் வரலையேம்மா" என்கிறார் சர்ஜன். கம்பெனிக்குப் போன் போட்டால், "கம்ப்ளைண்ட் டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." ஏழு முறை இதே 48 மணி நேரம். அப்புறம், "கவுன்சிலிங் உங்க பேக்கேஜ்லயே இல்ல மேடம்."

சண்டை போட்ட பிறகு ஒருவர் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு கேள்வி இல்லை. "மாற்றம் இருக்கு. நீங்களும் தங்கச்சியும் உடனே டெஸ்ட் எடுத்துடுங்க." ஆளுக்கு இன்னொரு 32,000! தங்கை இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

மதுரை டாக்டரிடம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் பக்கத்தில் இருந்த 'வியூஎஸ்' என்ற எழுத்தின் மேல் பேனாவை வைத்தார். ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா தராதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இப்படிப்பட்டவை பெரும்பாலும் பின்னால் கெடுதல் இல்லாதவை என்றே முடிவாகுமாம். "இத வச்சு ரெண்டு பக்கமும் எடுக்க வேண்டியதில்ல. இதுக்காக உங்களுக்கும் டெஸ்ட் தேவையில்ல" என்றவர், என் முன்னாலேயே சென்னைக்குப் போன் போட்டார். பத்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். இந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் நான் 32,000 கொடுத்திருந்தேன். இதற்குள் ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போய்விட்டது.

பணத்தைக் கேட்டால், டெஸ்ட் முடிந்துவிட்டது, ரீஃபண்ட் கிடையாதாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ரத்தம் எடுக்கும் முன்பே கவுன்சிலர் குடும்ப விவரம் கேட்கிறாரா என்று பாருங்கள். டாக்டருக்கு அனுப்புவோம் என்றால் எழுத்தில் வாங்குங்கள். ரிப்போர்ட் வந்த அன்றைக்கே இரண்டு டாக்டருக்கும் நீங்களே காப்பி கொடுத்துவிடுங்கள். வியூஎஸ் என்று இருந்தால் உங்கள் டாக்டர் பேசும்வரை வேறு யார் பேச்சையும் கேட்காதீர்கள்.