மயில் முதலா, மனம் முதலா: போஸ்ட்கிரெஸில் எந்த வரிசை?

மனம், மயில், மறதி, மலர். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ‘சி’ என்ற கொலேஷனில், அதாவது வரிசை விதியில், இந்த நான்கு சொற்களையும் இப்படித்தான் அடுக்கும். நெடுங்கணக்கு படித்த பிள்ளை மயில், மலர், மறதி, மனம் என்று அடுக்கும். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்தும் ‘ற’வை ‘ர’வுக்கு அடுத்தும் வைத்திருக்கிறார்கள், ‘சி’ அந்த எண்களை மட்டுமே பார்க்கிறது. புள்ளியின் எண்ணும் பெரியது என்பதால் பகல் முந்திக்கொள்ள, பக்கம் பிந்திவிடும். அகராதியில் நேர்மாறு.

அதற்காக ‘சி’யை ஒதுக்கிவிடக் கூடாது. பைட்டுகளை ஒப்பிடுவதோடு அதன் வேலை முடிகிறது. வேகம் உண்டு, எந்த சர்வரிலும் விடை மாறாது. கணக்கு எண், பயனர் குறியீடு போன்றவற்றுக்கு அதுவே போதும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியை (glibc) வரிசைக்கு நம்பி இருப்பதுதான் எனக்குப் பயம். 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெருமளவு மாறின. பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸில் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) புதிய விதிப்படி தேடினால், டேபிளில் இருக்கும் பெயரையே ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். மதிப்பு இரட்டிக்காமல் காக்கும் யூனிக் இண்டெக்ஸிலும் ஒரே மதிப்பு இருமுறை நுழைந்துவிடலாம். இத்தனைக்கும் டேட்டாபேஸை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், லினக்ஸை மட்டும் புதுப்பித்திருப்பார்கள்.

பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் ஐசியு (ICU) நூலகம் 2017இல், போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பில் சேர்ந்தது. 15ஆம் பதிப்பிலிருந்து முழு டேட்டாபேஸுக்கும் அதையே வைக்கலாம். தமிழ் மெய்கள் நெடுங்கணக்குப்படி வரும். ஆங்கிலப் பெயர்களுக்கு முன்னே தமிழ்ப் பெயர்களை வைக்கச் சொல்லவும் வழி உண்டு. பல மொழிகள் கலந்த இடத்தில் இதன் அருமை தெரியும். இரட்டைப்புள்ளி வைத்த ‘ஏ’ எழுத்தை ஜெர்மன்காரர் சாதாரண ‘ஏ’யோடு சேர்த்துத் தேடுவார், ஸ்வீடன்காரர் ‘இசட்’டுக்கும் பின்னால் தேடுவார். ஒரே பட்டியலை ஒவ்வொரு வினவலிலும் கொலேஷனைக் குறிப்பிட்டு இருவருக்கும் சரியாகக் காட்டலாம். ஆனால் வேகமும் வேண்டுமென்றால் மொழிக்கொரு இண்டெக்ஸ் கட்ட வேண்டும். எழுதும்போது அத்தனையும் புதுப்பிக்கப்படும். ஐசியு விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவைதான். பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் அன்றே ரீஇண்டெக்ஸ் செய்துவிடுங்கள்.

இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8இல் ஸ்வீடிஷ், ஜெர்மன் முதலியவற்றுக்குத் தனி கொலேஷன்கள் இருந்தும் தமிழுக்கென ஒன்று இல்லை.

நானாக இருந்தால் டேட்டாபேஸை ‘சி’யில் தொடங்கி, மனிதர் கண்ணில் படும் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் ஐசியு தமிழைக் கேட்பேன். சில நூறு பெயர்கள்தான் என்றால் அதற்குத் தனி இண்டெக்ஸும் வேண்டியதில்லை.