பழைய பெயின்ட்டை எடுக்க பிரஷர் வாஷரா, பட்டித்தகடா?

வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்க எஸ்டிமேட் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதித் தருகிறார்கள்: வாட்டர் வாஷ், ஒரு கோட் பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன். அந்த வாட்டர் வாஷுக்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்பவர்கள் குறைவு. ஒருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சிவிட்டு அதையே வாட்டர் வாஷ் என்பார். இன்னொருவர் தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷரைக் கொண்டுவந்து அரை நாள் மெனக்கெடுவார். வீட்டு உபயோக மெஷின் இப்போது பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைப்பதால், சுரண்டுகிற கூலியை மிச்சம் பிடித்து நாமே அடித்துவிடலாமே என்றும் பலருக்குத் தோன்றுகிறது. சில சுவர்களில் அது சரிதான். சிலவற்றில், பட்டி பூசவும் சுரண்டவும் பயன்படும் மூன்று விரல் அகலப் பட்டித்தகட்டிடம் அந்த மெஷின் தோற்றுப்போகும்.

மெஷினின் பலத்தை முதலில் பார்த்துவிடலாம். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 100 முதல் 130 பார் வரை அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழே குழாய்க்கு வரும் தண்ணீர் 1 பாரைத் தொடுவதே அரிது. கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுவரோடு இறுகப் பிடித்திருக்கும் எமல்ஷனை உரிக்க இது போதாது. 200 பாருக்கு மேல் போகும் பெட்ரோல் மெஷின்கள் அதை உரிக்கும்; கூடவே சிமென்ட் பூச்சையும் பேர்த்துவிடும். என்னைக் கேட்டால், சின்ன மெஷினின் பலவீனமே நமக்கு நல்லது. இறுகப் பிடித்திருக்கும் பழைய பெயின்ட்டை எதற்காக எடுக்க வேண்டும்? சுத்தமாக இருந்தால் புதுப் பெயின்ட் அதன்மேலேயே நன்றாக நிற்கும். மாவாக உதிர்வது, கொப்பளித்துக் கிளம்பியது, பாசி பிடித்தது, இவை போனால் போதும்.

சிமென்ட் பெயின்ட் சுவர்

ஸ்னோசெம் வகைப் பெயின்ட் அடித்துப் பல வருஷமான சுவரை உள்ளங்கையால் தேய்த்தால் கை வெள்ளையாகிவிடும். இங்கே பட்டித்தகட்டுக்கு வேலையே இல்லை. நுழைந்து கிளப்ப விளிம்பு கிடையாது, தகடு மாவுமேல் வழுக்கிக்கொண்டு போகும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மாவு போகும், ஆனால் தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும், மாலைக்குள் தோள்பட்டை விட்டுப்போகும். பிரஷர் வாஷர் இதை ஒரே வீச்சில் கழுவிவிடும். கைப்பிடிச் சுவரின் மேல்புறம், சன்ஷேடின் ஓரம், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கறுத்துக் கிடக்கும் பாசி எல்லாம் அதோடு போகும். பாசி தடிப்பாக இருந்தால் ப்ளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு அடித்தால் வேர் வரை போகும். இந்தச் சுவருக்கு மெஷின்தான், யோசிக்கவே வேண்டாம்.

அடிக்கும்போது சுவரைப் பார்ப்பதைவிட வழிகிற தண்ணீரைப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் உதிர்கிற சிமென்ட் பெயின்ட் போகிறது. அது தெளியும் வரை அடிக்கலாம். கலர் கலராகத் தோல்துண்டுகள் மிதந்து வந்தால் எமல்ஷன். கால்மாட்டில் மணல் ஒதுங்க ஆரம்பித்தால் பூச்சு கரைகிறது என்று அர்த்தம். உடனே கையை எடுத்துவிட வேண்டும். ஜன்னல் மூலைகளிலும், சுவர் தரையைத் தொடும் அடிப்பகுதியிலும்தான் இந்த மணல் முதலில் வரும். தனித்தனி நாசில் வருகிற மெஷினாக இருந்தால் வெள்ளை நிற 40 டிகிரியில் (தண்ணீர் விரியும் கோணம்) ஆரம்பித்து, தேவைப்பட்டால் பச்சை நிற 25க்கு இறங்கலாம். சிவப்பு நிற 0 டிகிரி நாசிலைச் சுவர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், பூச்சில் கோடு கிழித்துவிடும். ஒரு முழ தூரத்தில் தொடங்கிப் பார்த்துப் பார்த்து நெருங்குவது நல்லது.

எமல்ஷன் உரிகிற சுவர்

இங்கே கதை வேறு. உரிந்து தொங்குகிற ஒரு செதிலைக் கிள்ளி எடுத்துப் பின்புறத்தைப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டியிருந்தால், கீழே இருந்த சிமென்ட் பெயின்ட்டைச் சரியாகக் கழுவாமல் போன தடவை மேலேயே அடித்திருக்கிறார்கள். மணல் ஒட்டியிருந்தால் பூச்சே பலவீனம். கொத்தனாரைக் கூப்பிட வேண்டிய விஷயம். உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஓதம் இருக்கிறது. எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மெஷின் வைத்தாலும் தகடு வைத்தாலும் அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி கொப்பளிக்கும்.

கொப்பளித்த எமல்ஷனுக்குப் பட்டித்தகடுதான் முதல். தகட்டைச் சாய்த்துச் செதிலின் விளிம்புக்குள் செருகித் தள்ளினால் பிடிப்பு இல்லாதவரை சரசரவென்று போகும், பிடிப்பு வந்ததும் நின்றுவிடும். எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரிந்துவிடும். பிரஷர் வாஷரில் அந்த நிதானம் கிடைக்காது. தோல் தோலாக உரிந்து விழுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும் (அந்த வீடியோக்களுக்கு ஏன் அவ்வளவு கூட்டம் என்பது ஒருமுறை பிடித்துப் பார்த்தால் புரியும்). ஆனால் நிற்கிற பெயின்ட்டின் விளிம்புக்கு அடியிலும் தண்ணீர் புகுந்துவிடும். ஈரம் காய்வதற்குள் பிரைமர் அடித்தால் அந்த விளிம்பிலிருந்தே அடுத்த கொப்புளம் கிளம்பும்.

அதனால் எமல்ஷன் சுவரில் காய்ந்த நிலையில் சுரண்டல் முதலில், அகல நாசிலில் லேசான கழுவல் அப்புறம். காய்ந்த பின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, வெளிச்சுவர்ப் பட்டி பூசி, பிரைமர். மெஷின் வாங்கிவிட்டோமே என்பதற்காகச் சுரண்டலைத் தாண்டிப் போனால் பின்னால் செலவு இரட்டிப்பாகும்.

காய்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் பொங்கலுக்கு முன்னால்தான் எல்லாருக்கும் பெயின்ட் ஞாபகம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழிப் பனியில் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மெஷினால் மேலும் தண்ணீர் ஏற்றுவது சரியில்லை. பண்டிகைக்குள் முடித்தே ஆக வேண்டுமென்றால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாசி, பங்குனி வெயிலில் மெஷின் தாராளமாக வைக்கலாம். ரெண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

தண்ணீர்ச் செலவும் உண்டு. நிமிஷத்துக்கு 7 லிட்டர் குடிக்கிற மெஷின் ஒரு மணி நேரத்தில் 420 லிட்டரைக் காலி செய்யும். 500 லிட்டர் தொட்டி எழுபது நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதியில் அந்த உப்பைச் சுவருக்குள் ஏற்றுவதும் நாம்தான். கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

மற்ற வழிகள்

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு என்றால், காரைக்குடிப் பக்கத்து வீடுகள் போல, பிரஷர் வாஷரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். மிருதுவான பிரஷ்ஷும் வாளித் தண்ணீரும் போதும். கைமிஷின் கிரைண்டர் வேகமானது, ஆனால் தூசியும் பள்ளமும் அதனோடு வரும். தடித்த டெக்ஸ்சர் பூச்சை எடுக்க மட்டும் அதைக் கூப்பிடலாம், முழுச் சுவருக்கு வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் மெஷினும் கூடாது, கிரைண்டரும் கூடாது; நார் கிளம்பி நுரையீரலுக்குள் போகும்.

மெஷின் பிடிக்கிறவர் ஏணியில் ஏறக் கூடாது. துப்பாக்கியை அழுத்தியதும் அது பின்னால் உதைக்கும். மாடி உயரத்துக்குச் சாரம் கட்டித்தான் ஆக வேண்டும். ஈ.பி. ஒயர் சுவரில் இறங்கும் இடம், மீட்டர் பெட்டி, ஏ.சி. வெளி யூனிட் பக்கம் தண்ணீர் போகவே கூடாது. செருப்போடு நின்று காலில் பட்டால்கூட தோல் கிழிந்துவிடும் அளவுக்கு வேகம் இருக்கிறது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கிரில், மரக் கதவு, ஜன்னல் எல்லாம் எனாமல். இதில் மெஷின் எதையும் சாதிக்காது. மரத்தில் நார் கிளம்புவதுதான் மிச்சம். பெயின்ட் ரிமூவர் தடவினால் சுருங்கி எழும், வழித்துவிடலாம். ஆனால் மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரை மூடிய அறையில் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை 2019இலேயே நிறுத்திவிட்டார்கள். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, உலர்ந்த உப்புத்தாளும் கிரைண்டரும் இல்லாமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாமல், கீழே தார்ப்பாய் விரித்து, விழுகிற செதிலை எல்லாம் வாரிக் கட்டி எடுத்துவிட வேண்டும். தோட்டத்து மண்ணில் தள்ளிவிடக் கூடாது.