பழைய வைஸ்: சாதா திருகா, குயிக் ரிலீஸா, லெக் வைஸா?

பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியான வைஸ், அதில் பழையது ஒன்றை வாங்கித் துருப்போக்கி வேலைக்குக் கொண்டுவரலாம் என்று இறங்கினால், கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றியே திறந்து மூடும் சாதா திருகு வைஸ். முன்னால் உள்ள லீவரை அழுத்தினால் தாடை வழுக்கிக்கொண்டு வெளியே வரும் குயிக் ரிலீஸ். அப்புறம், தரை வரைக்கும் ஒற்றைக் கால் நீண்டு நிற்கும் லெக் வைஸ். மூன்றையும் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டி வேலை பார்த்தபின் என் மேஜையில் தங்கியது சாதா திருகுதான். லெக் வைஸும் இருக்கிறது, அதற்கென்று தனி வேலை உண்டு. குயிக் ரிலீஸை வைத்துக்கொள்ளவில்லை. காரணம் ஒன்றுதான்: திருகு உள்ளே சுழன்று நகரும் நட்டு.

தாடை அகலம், எடை, அடித்தட்டு சுழலுமா சுழலாதா என்பதெல்லாம் பார்த்த உடனே தெரியும் விஷயங்கள். அவரவர் மேஜைக்கும் வேலைக்கும் ஏற்ப முடிவு செய்துகொள்ளலாம். பெயின்ட் உரிந்திருப்பதும் துரு ஏறியிருப்பதும் ஒரு பொருட்டே இல்லை. மேல்துரு எவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தாலும் ஓரிரு நாள் ஊறலில் போய்விடும். தாடையின் பல்தகடு மொழுக்கென்று தேய்ந்திருந்தாலும் கவலை வேண்டாம். திருகாணியைக் கழற்றி வேறு தகடு வெட்டிப் போட்டுவிடலாம்.

நட்டு அப்படியில்லை. வைஸ் கொடுக்கும் பிடி முழுவதும் அந்தச் சின்ன உருளைக்குள் இருக்கும் சில மரைகள் வழியாகத்தான் போகிறது. அது உடலுக்குள் ஒளிந்திருப்பதால் எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. நட்டைத் திருகை விட மென்மையான உலோகத்தில் செய்வதே வழக்கம், தேய்மானம் வந்தால் முதலில் நட்டுக்கு வரட்டும் என்று. ஆகவே ஐம்பது, அறுபது வருடம் உழைத்த வைஸில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் நட்டாகத்தான் இருக்கும். அதை மாற்ற முடியுமா, முடிந்தால் யாரால், எவ்வளவு சிரமத்தில் என்ற கேள்வியில்தான் இந்த மூன்று வகையும் பிரிகின்றன.

முதலில் சாதா திருகு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனம் ரெக்கார்ட் என்ற பெயரில் செய்த நீல வைஸ்கள், அமெரிக்காவின் ஈரி நகரத்து ரீட் வைஸ்கள் எல்லாம் இந்த வகையில் பேர்போனவை. இவற்றைப் பார்த்து மற்றவர்கள் செய்தவையும் ஏராளம். பெரும்பாலானவற்றில் நட்டு தனித் துண்டாக உடலுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரு போல்ட்டோ முளையோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்தாடையை முழுதாக வெளியே இழுத்துவிட்டு போல்ட்டைக் கழற்றினால் நட்டு கைக்கு வந்துவிடும்.

வாங்கும் இடத்திலேயே சோதிக்கவும் இது சுலபம். தாடையை லேசாக மூடிவிட்டு, கைப்பிடியை எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றவும். தாடை நகரத் தொடங்குவதற்கு முன் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது என்று பார்க்கவும். நடுத்தர அளவு வைஸில் அங்குலத்துக்கு 4 மரை என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 6.35 மி.மீ. நகர்வு. கால் சுற்று சும்மா போனால் 1.6 மி.மீ. ஆட்டம். அரைச் சுற்று போனால் 3.2 மி.மீ. சதுர மரையில் ஒரு பல்லின் தடிமனே அவ்வளவுதான். அதாவது ஒரு முழுப் பல்லின் அளவு உலோகம் திருகிலும் நட்டிலுமாகச் சேர்ந்து காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். கால் சுற்று வரை நான் பொருட்படுத்துவதில்லை. அரைச் சுற்றைத் தொட்டால் புது நட்டுச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேசுவேன்.

இதில் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. சும்மா சுற்றுவதெல்லாம் நட்டுத் தேய்மானம் இல்லை. திருகின் தலை முன்தாடையோடு சேரும் இடத்தில், உள்பக்கம் ஒரு வாஷரும் முளையும் இருக்கும். அங்கே இடைவெளி விழுந்திருந்தாலும் இதே மாதிரிதான் ஆடும். பிரித்தறிவது எளிது: முன்தாடையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்கவும். தாடை மட்டும் ஆடி, திருகின் தலை அசையாமல் நின்றால் கோளாறு வாஷரில். தடித்த வாஷர் ஒன்று போட்டால் தீர்ந்தது. தாடையும் திருகும் ஒன்றாக ஆடினால்தான் நட்டு தேய்ந்திருக்கிறது. விற்பவருக்கே இந்த வித்தியாசம் தெரியாமல், வாஷர் போன நல்ல வைஸைப் பழைய இரும்பாக ஒதுக்கி வைத்திருப்பதும் உண்டு.

நட்டு போயிருந்தாலும் சாதா திருகில் வழி இருக்கிறது. திருகை வெளியே எடுத்துப் பார்த்தால், தலைக்குப் பக்கத்து மரைகள் மெலிந்தும் நுனி மரைகள் புதிது போலவும் இருக்கும். வைஸைப் பெரும்பாலும் கொஞ்சமாகத் திறந்துதான் வேலை செய்கிறோம், அப்போது நட்டில் மாட்டியிருப்பது தலைப்பக்கத்து மரைகள். நுனி அதிகம் உழைப்பதில்லை. ஆக, தொழிற்சாலை வெட்டிய அசல் மரை எப்படி இருந்தது என்பதற்கு நுனியே மாதிரி. அதை அளந்து லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் கன்மெட்டல் என்ற செம்புக் கலப்பு உலோகத்திலோ வார்ப்பிரும்பிலோ நட்டு கடைந்து தருவார். சிறிய துளைக்குள் சதுர மரை வெட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் ஆயத்தமாகக் கிடைக்கும் பக்கம் சரிந்த டிரபிசாய்டல் மரைக் கம்பியையும் அதற்குரிய நட்டையும் வாங்கி, நட்டின் வெளிப்பக்கத்தைப் பழைய இருக்கைக்குப் பொருந்துமாறு கடைந்து, பழைய திருகின் தலையைப் புதுக் கம்பியில் பொருத்திக்கொள்ளலாம். அசல் பாகம் போய்விட்டதே என்று சேகரிப்பாளர் சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு வைஸ் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கழற்றிய பழைய திருகைத் துடைத்து எண்ணெய் பூசி ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன்.

இனி குயிக் ரிலீஸ். இங்கிலாந்தில் ஷிப்லி ஊரின் பார்க்கின்சன் செய்தவை இந்த வகையில் நீண்ட காலப் புகழ் உள்ளவை. ரெக்கார்டும் ஏராளமாகச் செய்தது. கையாள இதைப்போல் சுகம் வேறில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். லீவரை அழுத்தி, ஒரே இழுப்பில் தாடையைத் திறந்து, பொருளை வைத்துத் தள்ளி, அரைச் சுற்றில் இறுக்கிவிடலாம்.

இந்தச் சுகத்துக்குக் காரணம் உள்ளே இருப்பது முழு நட்டு இல்லை, பாதி நட்டு என்பதே. நட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் வைத்தது போல. ஒரு ஸ்பிரிங் அதைத் திருகின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். லீவரை அழுத்தினால் விலகும். முழு நட்டு திருகைச் சுற்றிலும் பிடிக்கிறது, இது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது. அதே நீளத்துக்குப் பிடிமானப் பரப்பு பாதிதான், ஆனால் தாங்க வேண்டிய சுமை அதேதான். அதனால் மரையும் பெரும்பாலும் சதுரமாக இருக்காது. இறுக்கும் திசையில் நிமிர்ந்தும் எதிர்த்திசையில் சரிந்தும் இருக்கும் பட்ரஸ் மரையாக வெட்டியிருப்பார்கள். நிமிர்ந்த முகம் கூராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அந்த விளிம்பு உருண்டுவிட்டால், இறுக்க இறுக்கத் திருகே பாதி நட்டை வெளியே தள்ளத் தொடங்கும். கடைசி இறுக்கத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம், தாடை ஒரு மரை பின்னுக்கு நழுவும். பொருளின் மேல் அரமோ ரம்பமோ ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடந்தால் ஆபத்து.

ஒன்று சொல்லியாக வேண்டும். நழுவுகிற குயிக் ரிலீஸ் எல்லாம் தேய்ந்துபோனவை இல்லை. பழைய கிரீஸும் அரத்தூளும் மரையின் அடியில் கல் மாதிரி இறுகிப்போய், பாதி நட்டு முழு ஆழத்துக்கு இறங்க விடாமல் தடுத்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கூரான மூங்கில் குச்சியால் பள்ளம் பள்ளமாகச் சுரண்டி எடுத்தால் பல வைஸ்கள் அதோடு சரியாகிவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேறு ஸ்பிரிங் போதும். ஆனால் பாதி நட்டே தேய்ந்திருந்தால்? அதன் மரை வடிவம், அது ஊசலாடும் காது, லீவர் தள்ளும் இடம் எல்லாம் அந்த மாடலுக்கென்றே வார்த்தது. கடைந்து தர முடியாது என்றில்லை, ஆனால் அதற்கு ஆகும் உழைப்பில் சாதா வைஸுக்கு இரண்டு மூன்று நட்டு செய்துவிடலாம். நடைமுறையில் அதே மாடலில் உடல் உடைந்த இன்னொரு வைஸைத் தேடிப் பிடித்து அதிலிருந்து பாகம் எடுப்பதுதான் வழி. அதிலும் பாதி நட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

லெக் வைஸின் கதை வேறு. இது கொல்லருக்குச் செய்தது. உடல் வார்ப்பு இல்லை, காய்ச்சி அடித்த இரும்பு. மேலே சம்மட்டியால் அடித்தால் அடி காலின் வழியாகத் தரைக்கு இறங்கும், மேஜை தப்பிக்கும். குறையும் வெளிப்படையானது: தாடை கீழே உள்ள ஓர் அச்சில் திரும்பித் திறப்பதால், அகலத் திறக்கத் திறக்க இரு தாடைகளும் இணையாக நிற்பதில்லை. பருமனான பொருளைக் கீழ் விளிம்பு மட்டும் பிடிக்கும். நுட்பமான அர வேலைக்கு இது ஒத்துவராது.

நட்டைப் பொறுத்தவரை லெக் வைஸில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும். நட்டு என்பது இங்கே பின்தாடைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்ப் பெட்டி. கையால் இழுத்தாலே வெளியே வந்துவிடும், பார்ப்பதற்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. கெட்ட செய்தி, மிகப் பழையவற்றில் அந்தக் குழாய்க்குள் மரை வெட்டியதே இல்லை. சதுரக் கம்பியைச் சுருளாகச் சுற்றி உள்ளே வைத்து பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள். பற்று விட்டுப்போனால் மரை முழுக்க ஒரே சுருளாகக் கழன்று வரும். டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தால் மரையின் அடியில் மஞ்சள் கோடு தெரியும். இந்தப் பலவீனம் அக்காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் இங்கிலாந்தின் டட்லி ஊரில் செய்த பீட்டர் ரைட் வைஸ்களில் ‘சாலிட் பாக்ஸ்’ என்று முத்திரையே குத்தினார்கள், பெட்டி ஒரே இரும்பில் வெட்டியது என்பதைச் சொல்ல. அந்த முத்திரை இருந்தால் நான் தயங்காமல் எடுப்பேன்.

விரிசல் விஷயத்தில் லெக் வைஸ் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அடித்த இரும்பு வளையும், வளைந்ததைக் காய்ச்சி நிமிர்த்தலாம். சாதா வைஸும் குயிக் ரிலீஸும் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் தகடு தகடாகக் கிடப்பதால் முன்னறிவிப்பு இல்லாமல் விண்டுபோகும். மக்னீசியம் சேர்த்து கிராஃபைட்டை உருண்டையாக்கும் டக்டைல் வார்ப்பிரும்பை 1943இல்தான் கீத் மில்லிஸ் என்ற உலோகவியலாளர் கண்டறிந்தார். அதற்கு முந்தைய வார்ப்பு வைஸ் எதுவும் அந்த ரகமாக இருக்க முடியாது. எனவே கைப்பிடி வளைந்திருந்தால் உடனே உஷாராகவும். யாரோ கைப்பிடியை நீட்டக் குழாய் மாட்டி அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். நிலைத்தாடை உடலோடு சேரும் மூலையிலும் அடித்தட்டின் போல்ட் காதுகளிலும் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி பூசவும். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து கருங்கோடாகத் தெரியும். காதில் விரிசல் என்றால் சூடேற்றி பிரேசிங் (பித்தளைப் பற்று) செய்து மெதுவாக ஆறவிட்டுச் சமாளிக்கலாம். தாடையின் அடியில் விரிசல் என்றால் விட்டுவிடுவேன்.

துருப்போக்குவதைப் பற்றி இரண்டு எச்சரிக்கை போதும். சலவை சோடா கரைசலில் மின்சாரம் விடும் முறை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் மின்சாரத்தின் மறுமுனையில் மாட்டும் தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, நச்சான குரோமியம் கரைசலில் சேரும். குயிக் ரிலீஸின் ஸ்பிரிங்கையும் லெக் வைஸின் பட்டை ஸ்பிரிங்கையும் அமிலத்தில் போட வேண்டாம், ஹைட்ரஜன் ஏறிப் பிறகு ஒருநாள் முறியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே ஈரமாக வைத்தே தேய்க்கவும்.

வில்டன் புல்லட் என்ற அமெரிக்க வைஸைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 1941இல் சிகாகோவில் ஹியூ வோகல் தொடங்கிய நிறுவனம் அது. திருகு முழுவதும் உருண்டையான குழாய்க்குள் மூடியிருப்பதால் அரத்தூள் நட்டை எட்டுவதில்லை. என் அளவுகோலில் இது முதலிடத்துக்கு வரக்கூடிய அமைப்பு. ஆனால் என் கையில் நீண்ட நாள் உழைத்த அனுபவம் அதற்கு இல்லை, ஆகவே சாதா திருகுக்கு மேலே வைக்கத் தயங்குகிறேன். பழையவற்றில் நகரும் தண்டின் அடியில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். உத்தரவாதம் முடியும் தேதி என்று அதில் போட்டிருந்தால் அதிலிருந்து 5 வருடம் கழித்தால் செய்த தேதி.

குயிக் ரிலீஸை அடியோடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு ஒரு அளவு மாறும் மரவேலைக்கு அதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. மரத்தை இறுக்க அவ்வளவு பலமும் தேவைப்படாது, பாதி நட்டு நீண்ட காலம் தாங்கும். வாங்கும்போது கெட்டியான மரக்கட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். தாடையில் வைத்துப் பலமாக இறுக்கிவிட்டு, லீவரைத் தொடாமல் முன்தாடையைச் சுத்தியல் பிடியால் நாலு தட்டுத் தட்டுங்கள். நழுவாவிட்டால் பேரம் பேசலாம். நழுவினால் பாதி நட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.