உப்சியா, மலாயாவா, ஒப்பிலக்கியமா? மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஓர் அலசல்

பக்கத்து வீட்டுத் தங்கச்சி போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் படிவம் ஆறின் எஸ்டிபிஎம் தேர்வு முடித்திருக்கிறாள், தமிழில் ஏ. கையில் போன், அதில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யுபியு பக்கம் திறந்தபடி இருந்தது. "அக்கா, இவ இலக்கியந்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்? நீங்களே சொல்லுங்க." வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவள் கேட்டதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

நான் இலக்கியம் படித்தவள். மலாய்க்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்த்துத்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறேன். அன்று மேசையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

எங்கள் ஊரில் இலக்கியம் என்றாலே ஆசிரியர் வேலைதான். படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வு முடித்த கையோடு போவதானால் ஆசிரியர் பயிற்சிக் கழகம்: குறைந்தது 5 ஏ, ஓராண்டு ஆயத்தம், நான்காண்டு பட்டம், மாத உதவித்தொகை, அதன் பிறகு தமிழ்ப்பள்ளி. படிவம் ஆறு முடித்த இந்தப் பெண்ணுக்கு அந்த பஸ் போய்விட்டது. அவளுக்கு இருப்பது தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், நாம் சொல்லும் உப்சி. 1922-ல் மலாய் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997-ல் பல்கலைக்கழகமானது. தமிழ்மொழிக் கல்விப் பட்டம் அங்கே உண்டு. உள்ளே போக, ஆசிரியராகத் தகுதி உண்டா என்று பார்க்கும் மெட்சி தேர்வும் நேர்காணலும் தாண்ட வேண்டும்.

உப்சியில் இலக்கியம் கற்பிப்பதற்காகப் படிக்கப்படுகிறது. ஒரு குறுந்தொகைப் பாட்டை எப்படி வாசிப்பது என்பதோடு அது நிற்காது, எஸ்பிஎம்மில் தமிழ் இலக்கியம் எடுத்த மாணவனுக்கு அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதும் பாடம். கற்பித்தல் முறை, உளவியல், பள்ளிப் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் நூல்களுக்கு மிஞ்சும் நேரம் குறைவு. வகுப்பறையில் நிற்க ஆசை இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆசை இல்லாமல் பாதுகாப்புக்காக மட்டும் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். அவர்களிடம் படிக்கப் போவது நம் தோட்டத்துப் பிள்ளைகள்.

அடுத்தது மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே இரண்டு கதவுகள் உண்டு, பலரும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். மொழிப் புலத்தில் இருப்பது தமிழ்மொழியும் மொழியியலும். இந்திய ஆய்வியல் துறை வேறு. 1956-ல் தொடங்கிய இந்தத் துறைக்கு 1961-ல் தனிநாயகம் அடிகள் தலைவரானார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை அவர் 1966-ல் கோலாலம்பூரில் நடத்தினார். தமிழோடு வரலாறும் பண்பாடும் சேர்த்துப் படிக்கும் இடம் அது. நூலகத்துக்கும் அந்த மரபுக்குமாகவே அங்கே போகலாம். வேலை என்று பார்த்தால் உப்சிக்காரரைப் போல நேராகப் பள்ளிக்குள் போக முடியாது. கல்வியியல் டிப்ளோமா எடுத்துப் போகலாம், ஆனால் அந்த வாசல் எல்லா வருடமும் ஒரே அகலத்தில் திறப்பதில்லை.

மூன்றாவதுதான் அந்தப் பெண்ணின் மனசில் இருப்பது: ஒப்பிலக்கியம். "அப்படின்னா என்னக்கா?" என்று அவள் அம்மா கேட்டாள். ஜன்னல் வழியாகத் தென்னமரம் தோட்டம் இருக்கும் திசையைக் காட்டினேன்.

பெயரே தமிழான அந்தத் தோட்டத்தில்தான் 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அதே மனிதர் இங்கே வாழ்ந்த வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். அதில் நம் ஆட்கள் வருகிறார்கள், ஆனால் துரை வீட்டு வராந்தாவிலிருந்து பார்த்தபடி. பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலில் பார்ப்பது ஒரு தமிழ்ப் பையன். அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதியபோது தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்த கண் அது. அதே பால்மரம் (ரப்பர் மரம்), அதே மக்கள், மூன்று மொழி. யார் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள், மொழி எதைச் சொல்ல விட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் ஒப்பிலக்கியம். தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் பாட்டி தென்னமரம் தோட்டத்தில் பால் வெட்டியவர்.

இன்னொன்றும் சொன்னேன். அட்டை வயலிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிறது, காதல் கண்ணிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது என்ற மலாய் பந்துன் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மனப்பாடம். முன் இரண்டு அடியில் இயற்கை, பின் இரண்டில் மனசு. சங்கப் பாட்டிலும் இயற்கைதான் முன்னால் வருகிறது. ஆனால் பந்துனில் பாதியில் கோடு கிழித்தாற்போல் பொருள் வெளியே வந்துவிடும், ஓசைதான் இரண்டு பாதியையும் கட்டிப் போடுகிறது. சங்கக் கவிஞர் பல இடங்களில் பொருளை அந்தப் பூவுக்குள்ளும் பறவைக்குள்ளுமே வைத்துவிட்டுப் போய்விடுவார். பந்துனும் குறுந்தொகையும் சேர்ந்து படிக்க வாய்ப்புள்ள பிள்ளைகள் உலகத்தில் எத்தனை பேர்? தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மூன்று மொழி சும்மாவே வாய்த்திருக்கிறது. மற்ற நாட்டில் இதற்காகத்தான் காசு கொடுத்துப் படிக்கிறார்கள்.

யுபியுவில் தேடும்போது ஒப்பிலக்கியம் என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். ஆங்கில இலக்கியம், மலாய் இலக்கியம், இந்திய ஆய்வியல் என்ற பட்டங்களுக்குள்ளும் ஒப்பீடு இருக்கும். பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைப் பாருங்கள். கம்பராமாயணத்தையும் மலாய் ஹிக்காயாத் ஸ்ரீ ராமாவையும் சேர்த்துப் படித்தவர் மலாயாவின் இந்திய ஆய்வியல் பேராசிரியர் சிங்காரவேலுதான். அந்த மலாய்க் கதையில் அனுமன் ராமனுக்கே மகன்!

இந்தியா போவதானால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் உண்டு. புத்ததேவ் போஸ் அங்கே ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கியதும் 1956-ல்தான். ஆனால் நாளைக்கு இங்கே அரசு வேலை வேண்டுமானால் அந்தப் பட்டத்துக்கு ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று விமான டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இனி வேலை. நான் பட்டம் வாங்கிய முதல் இரண்டு வருடம் ஒரு பதிப்பகத்துக்குப் பக்கக் கணக்கில் மொழிபெயர்த்தேன். காசு ஆறு மாதம் கழித்து வரும், சில நேரம் வரவே வராது. அம்மா ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை, ஆனால் கடைக்கணக்கு எழுதும்போது என் பக்கம் பார்ப்பார். இதை மறைத்துவிட்டு ஒரு பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. பத்திரிகை வேலை முன்னைப் போல் இல்லை. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-ல் நின்றுபோனது. வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பிரிவு, படங்களுக்கு வசன வரி எழுதுவது, பாடநூல் பதிப்பு, மொழிபெயர்ப்பு, நீதிமன்றத் துபாஷி (மொழிபெயர்த்துச் சொல்பவர்) வேலை எல்லாம் இருக்கின்றன. எதுவும் பட்டத்தைக் காட்டியதும் கிடைத்துவிடாது, எல்லாவற்றுக்கும் மொழியில் கை தேர்ந்திருக்க வேண்டும். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் எந்தப் பட்டமானாலும் கடன்தான்.

ஆனால் அந்தக் கை தேர்ச்சிக்கு விலை உண்டு என்பதை நான் ஒரு நீதிமன்றத்தில் நேரில் பார்த்தேன். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் "அவன் மொதல்ல கைய நீட்டிட்டான்யா" என்றார். புதிதாக வந்த துபாஷிப் பையன் அதை அப்படியே மலாயில், கையை நீட்டினான் என்று சொல்லிவிட்டான். மலாயில் அது கை குலுக்க வந்தது போலவோ உதவி செய்ய வந்தது போலவோ கேட்கும். அடித்தவன் நல்லவனாகிவிட்டான்! பெரியவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். வக்கீல் ஒருவர் எழுந்து மறுபடி கேட்கச் சொன்னதால் தப்பியது. அகராதியில் 'கை'யும் 'நீட்டு'வும் சரியாகத்தான் இருக்கின்றன. இரண்டு மொழியிலும் கதையும் பாட்டும் படித்து ஊறியவருக்குத்தான் அங்கே காது நிமிரும்.

எனவே அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. இருபது பிள்ளைகள் முன்னால் தினமும் நிற்பாயா? வேலை அமைய இரண்டு மூன்று வருடம் வீடு தாங்குமா? முதலாவதுக்கு அவள் தயங்கினாள். இரண்டாவதுக்கு அவள் வாய் திறக்குமுன் அவள் அம்மா சொன்னாள்: "அடுத்தவன் படிவம் நாலு போறான். மூணு வருசம் முடியாது, ஒரு வருசம் பாத்துக்கலாம்."

ஒரு வருடம் என்றால் என் கணக்கு இது. முதல் தெரிவு மலாயா இந்திய ஆய்வியல், அதோடு எடுக்க முடிந்த மலாய், ஆங்கில இலக்கியப் பாடங்கள் எல்லாம். படிக்கும் மூன்றாம் வருடத்திலேயே மொழிபெயர்ப்பு வேலைக்கு என்னோடு உட்கார வேண்டும், பட்டம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டாம் தெரிவு உப்சி. வீட்டில் அந்த ஒரு வருடமும் தாங்காது என்ற நிலை இருந்திருந்தால் உப்சியை முதலில் போடச் சொல்லியிருப்பேன், தயங்கியிருக்க மாட்டேன்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று ஃபோகோனியே நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தனுப்பினேன். நேற்று பின்வாசல் வழியாக வந்து ஒரு கேள்வி கேட்டாள்: "பெரியம்மா, தமிழாளுங்க பேசற எடத்தையெல்லாம் தனியா எழுதி வச்சுக்கவா?" பழைய கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.